கறுப்பு மதாமின் நீல உடை

1. பஞ்சில் வந்த கறுப்பு

பஞ்சு கறுப்பாக வந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. நூற்றைம்பது வருடத்துப் படத்தைத் துடைத்தால் புகையும் தூசியும் பழைய வார்னிஷும் பஞ்சில் வரத்தான் செய்யும். இரண்டாவது பஞ்சை, வார்னிஷைக் கரைக்கும் சால்வென்ட்டில் தோய்த்து உருட்டினேன். அதுவும் கறுப்பு. மூன்றாவது பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தேன். படத்திலிருந்த பெண்மணியின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, புளியங்கொட்டை அளவு இடத்தில், பளிச்சென்று நீலம் தெரிந்தது.

நான் எடுத்தது அழுக்கை இல்லை. வண்ணத்தையே எடுத்திருந்தேன்.

டெல்லியில் ஓர் அரசு அருங்காட்சியகத்தின் கன்சர்வேஷன் லேபில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் பாளையங்கோட்டை, படிப்பு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இது நடந்தபோது எனக்குப் பதினோரு வருட சர்வீஸ் ஆகியிருந்தது. புதுசு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எண்ணெய் ஓவியத்தில் எங்கே கை வைப்பதற்கு முன்பும் எல்லா டெஸ்டும் முடித்திருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் நானே வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு, நெருங்கிக்கொண்டிருந்த ஒரு எக்ஸிபிஷனின் அவசரம். உடையின் கறுப்பு மங்கலாக, மினுக்கமே இல்லாமல் இருந்ததைப் பார்த்து, மேலே புகை படிந்திருக்கிறது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன்.

எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று சாத்தினேனோ தெரியாது, எங்கள் லேப் இரண்டாவது மாடியில் இருந்தது.

மத்தியானம் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அலகாபாத்காரர், கோபம் வந்தால் குரல் காரிடார் முழுக்கக் கேட்கும். திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் வந்து லென்ஸில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"அரே வாஹ். கனகா ஜி, இந்தக் கறுப்பு முழுக்க எடுத்துடுங்க. கீழே பாரிஸே இருக்கு" என்று இந்தியில் சொன்னார். ஆறு வாரம் இருக்கிறது, சாணக்யபுரியிலிருந்து தூதரக விருந்தினர்கள் வருகிறார்கள், நீலப் பட்டு உடுத்திய பிரெஞ்சுக்காரி வாசலிலேயே நிற்கட்டும் என்றார். கறுப்பு என்பது பின்னால் யாரோ கத்துக்குட்டி பூசிய ஓவர்பெயின்ட் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். செய்த தப்பையே தொடர்ந்து செய்யச் சொன்னால் என்ன செய்வது?

2. படத்தின் முதுகு

படம் எங்களுடையது இல்லை. எக்ஸிபிஷனுக்காகக் கடன் வாங்கியது. சொந்தக்காரர் பிலோமினா அம்மாள், புதுச்சேரிக்காரர். டெல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, லோதி ரோட்டில் மகனுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார். படம் அவருடைய கணவர் வீட்டு வழி வந்தது. கணவரின் முன்னோர் ஒருவர் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு நீதிபதிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தாராம். நீதிபதியின் தங்கை அண்ணனுடன் வந்து தங்கி அங்கேயே காலமானாராம். நீதிபதி ஊர் திரும்பும்போது தங்கையின் படத்தை மட்டும் இவர்களிடம் விட்டுப் போனாராம். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்வழிச் செய்திதான். வீட்டில் அந்தப் படத்துக்குப் பெயர் 'கறுப்பு மதாம்', கறுப்பு உடை போட்ட பிரெஞ்சு அம்மாள்.

டைரக்டரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். டெஸ்ட் முடியாமல் கறுப்பை எடுத்தால் கீழே இருக்கும் நீலமும் சேர்ந்து வந்துவிடலாம் என்று காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் என் மனதில் இருந்தது வேறு சந்தேகம்.

முதலில் படத்தைத் திருப்பிப் போட்டேன். எந்தப் படமானாலும் முதுகைத்தான் முதலில் பார்க்க வேண்டும், முகம் ஆளை மயக்கிவிடும். கேன்வாஸின் பின்னால் பாரிஸ் கடை ஒன்றின் முத்திரை பாதி அழிந்து கிடந்தது. அளவு அறுபத்தைந்துக்கு ஐம்பத்துநாலு சென்டிமீட்டர். அந்தக் காலத்துப் பிரான்சில் கேன்வாஸை நம்பர் போட்டு ரெடிமேடாக விற்றார்கள், நாம் இப்போது சட்டை வாங்குகிற மாதிரி. இது பதினைந்தாம் நம்பர், ஆள்படத்துக்கு என்றே வைத்த அளவு. அப்போது போட்டோ வந்துவிட்டது. ஆனாலும் ஒரு வக்கீலோ நோட்டரியோ கொஞ்சம் வசதி வந்ததும் மனைவியை ஓவியர் முன்னால் உட்கார வைப்பது மரியாதையாக இருந்தது. ராஜா ராணி படங்கள் மாதிரி தூணும் திரையும் இல்லாமல், சும்மா ஒரு பழுப்புச் சுவர், ஒரு மேஜை, ஒரு பெண் என்று வரைந்தார்கள். நம்முடைய மதாமும் அப்படித்தான். நடு வகிடு எடுத்து, காதை மூடி வாரிய தலை. இறங்கிய தோள். சட்டைக் கையின் வெட்டு. இவற்றை வைத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று சொல்லிவிடலாம்.

இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று அந்தக் கறுப்பு. அந்தக் காலத்தில் வசதியான பெண்கள் கறுப்புப் பட்டு விரும்பி உடுத்தினார்கள், ஓவியர்களும் பட்டின் மினுக்கத்தை ஆசையாக வரைந்தார்கள். இதில் மினுக்கமே இல்லை. மினுங்காத கறுப்பு, வெள்ளைக் காலர் இல்லாத கழுத்து, நகையில்லாத காது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது துக்க உடை. முதல் துக்கத்தில் எதுவும் பளபளக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நாள் போகப் போகத்தான் பட்டும், பிறகு சாம்பல் நிறமும் ஊதாவும் வரும்.

இன்னொன்று கை. இடது கை மேஜைமேல் கறுப்பு அட்டை போட்ட ஜெபப் புத்தகத்தின் மேல் இருந்தது. வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்திருப்பது போல் ஒட்டி நின்றன, ஆனால் நடுவில் ஒன்றுமில்லை. முகத்தை அவ்வளவு நன்றாக வரைந்தவர் கையை ஏன் இப்படி அந்தரத்தில் விட்டார்?

3. பேஷண்ட் பெயர்

எங்களிடம் எக்ஸ்ரே மெஷின் அப்போது கிடையாது. ஸ்டெல்லாவைக் கேட்கலாம் என்று தோன்றியது. ஸ்டெல்லா நாசரேத்துக்காரி. நர்ஸாக டெல்லிக்கு வந்து பல வருடம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு, முதுகுவலிக்காக எக்ஸ்ரே டிபார்ட்மென்ட்டுக்கு மாற்றல் வாங்கியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் இருவரும் சந்திப்பது வழக்கம். அன்றைக்கு அவள் கருப்பட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு, எங்கள் ஆபீஸிலிருந்து முறையாக லெட்டர் வந்தால் தன் சூப்பிரண்டிடம் பேசுவதாகச் சொன்னாள்.

லெட்டர் போய் அனுமதி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இல்லாத நேரம் பார்த்து, கம்பளி சுற்றிய மரப்பெட்டியில் மதாமை ஆபீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டெல்லா படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவோடு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, பேஷண்ட் பேரு என்னன்னு எழுத?"

தெரியாது என்றேன். வயது கேட்டாள். உத்தேசமாக இருபத்தைந்து என்றேன். என்ன உபாதை என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டாள்.

கைக்கு எடுக்கிற செட்டிங்கை இன்னும் குறைத்து வைத்து, ஒரே பிலிமில் அடங்காது என்பதால் நாலு பிலிமாக எடுத்தோம். ஓவியர்கள் அன்று பயன்படுத்திய வெள்ளை வண்ணம் ஈயத்தில் செய்தது. எலும்பைப் போலவே அதுவும் எக்ஸ்ரேயை மறைக்கும், பிலிமில் வெள்ளையாகத் தெரியும். கறுப்பு மறைக்காது. ஆகவே மேலே பூசிய கறுப்பு பிலிமில் காணாமல் போய், கீழே ஈய வெள்ளை கலந்து வரைந்தது மட்டும் எழுந்து வரும்.

நாலு பிலிமையும் லைட் பாக்ஸில் ஒட்ட வைத்துப் பார்த்தோம். கறுப்பு உடை போய், மடிப்பு மடிப்பாகப் பட்டு உடை வந்திருந்தது. கழுத்தில் லேஸ் காலர். காலரின் நடுவில் ஒரு ப்ரூச், துணியில் குத்திக்கொள்ளும் நகை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வேறு இடத்தில் விரலை வைத்தாள். ஜெபப் புத்தகம் இருந்த இடம். அங்கே புத்தகம் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, ஓரத்தில் சுருக்கம் வைத்து, வெள்ளையாக ஏதோ இருந்தது.

"பிள்ளத் தொப்பில்லா இது. நாடா தொங்குது பாரு" என்றாள்.

அவள் சொன்ன பிறகு அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை. வலது கை விரல்கள் ஏன் அப்படி இருந்தன என்பதும் புரிந்தது. ஊசி பிடித்த விரல்கள். அந்தப் பெண் ஒரு கைக்குழந்தைத் தொப்பியைத் தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ ஊசியை அழித்து, தொப்பியின் மேல் புத்தகத்தை வரைந்து, நீலத்தின் மேல் கறுப்பைப் பூசியிருந்தார்கள்.

ஸ்டெல்லா லைட் பாக்ஸை உடனே அணைக்கவில்லை. பிரசவ வார்டில் சிலர் பையில் பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் வைத்துக்கொண்டு வருவார்கள், திரும்பும்போது அந்தப் பையை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று மட்டும் சொன்னாள். மரப்பெட்டியை வண்டிவரை அவளும் சேர்ந்து பிடித்துக்கொண்டு வந்தாள்.

4. வெடிப்பு சொன்ன சாட்சி

டைரக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தொப்பியையும் வெளியே கொண்டு வரலாம், பத்திரிகைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்றார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது.

கறுப்பை எப்போது பூசினார்கள் என்பதுதான் கேள்வி. நூறு வருடம் கழித்து யாரோ பூசியிருந்தால் எடுத்துவிடலாம். வரைந்தவரே பூசியிருந்தால் அதுவும் படம்தான்.

உடையின் ஓரத்தில், ஏற்கெனவே பெயர்ந்திருந்த இடத்திலிருந்து, கடுகில் பாதி அளவு சாம்பிள் எடுத்து ரெசினில் பதித்துத் தேய்த்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். கேக்கை வெட்டினால் அடுக்கு தெரிவது போலத் தெரியும். அடியில் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் நீலம், அதன்மேல் நூல் போல மெல்லிய வார்னிஷ், அதன்மேல் கறுப்பு, மேலே மறுபடி வார்னிஷ். நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் தூசியே இல்லை. சுவரில் பல வருடம் தொங்கியிருந்தால் தூசி படியாமல் இருக்காது. இன்னொன்று, எண்ணெய் வண்ணம் காய்ந்து வயதாகும்போது மயிரிழை போல வெடிக்கும். நீலம் வெடித்த பிறகு கறுப்பு பூசியிருந்தால் கறுப்பு அந்த வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். இறங்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே வெடித்திருந்தன. பின்னணிச் சுவரின் நிழலில் இருந்த அதே கறுப்புதான், எலும்பைச் சுட்ட கரியில் செய்தது, உடையிலும் இருந்தது. கறுப்பைப் பூசியவர் சட்டைக் கையின் வெட்டைக்கூட மாற்றவில்லை. இருபது வருடம் கழித்துப் பூசியிருந்தால் பாஷன் மாறியிருக்கும், அவர் கையும் சும்மா இருந்திருக்காது. கறுப்பில் பிசின் அதிகம் கலந்திருந்தது. அதனால்தான் என் பஞ்சுக்கு அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

படம் முடிந்து ஓரிரண்டு வருடத்துக்குள், பெரும்பாலும் அதே ஓவியர் கையால், கறுப்பு பூசப்பட்டிருக்கிறது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பெரும்பாலும் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு எக்ஸிபிஷனை நிறுத்த முடியாது என்றார். சொந்தக்காரர் துப்புரவு செய்யச் சம்மதம் தந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது போதும் என்றார். மணிக்கட்டில் நான் எடுத்த இடத்தைப் பற்றி ரிப்போர்ட்டில் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

5. லோதி ரோட்டில்

மறுநாள் ஆபீஸ் முடிந்து நேரே லோதி ரோட்டுக்குப் போனேன். எக்ஸ்ரேயின் பிரிண்ட்டுகளைக் கவரில் வைத்திருந்தேன். டைரக்டரிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. அது விதிப்படி தப்பு. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பிலோமினா அம்மாள் காபி போட்டுக் கொடுத்தார். படம் தொங்கிய இடத்தில் சுவர் வெளுப்பாக நீள்சதுரமாகத் தெரிந்தது. முதலில் என் தப்பைச் சொன்னேன். எவ்வளவு பெரிய இடம் என்று கேட்டார். விரல் நுனியைக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பிரிண்ட்டுகளை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாக விளக்கினேன். தொப்பி என்று நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"எங்க மாமியார் கல்லறைத் திருநாள் அன்னிக்கு இவங்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. அவங்களுக்கு அப்புறம் நான் ஏத்தறேன். யாரு எவருன்னே தெரியாதும்மா" என்றார்.

நான் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். கறுப்பை எடுத்தால் அழகான படம் கிடைக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. முடிவு அவருடையது.

"அவங்களே உக்காந்து மூடச் சொல்லியிருக்காங்க. அவங்களைக் கேக்காம நாம எப்படித் திறக்கறது?"

வேறு எதுவும் விவாதிக்கவில்லை. காகிதம் எடுத்து, டீச்சர் கையெழுத்தில் கோணாமல், துப்புரவுக்குத் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. படத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்ரேயையாவது மாட்டலாம், ஜனங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். வேண்டாம் என்றார். நீங்க பாத்தீங்க, நான் பாத்தேன், பைலில் இருக்கட்டும் என்றார். நான் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். அவர் மாறவில்லை. அந்த ஏமாற்றம் எனக்கு வெகுநாள் இருந்தது. இன்றைக்கும் என் பக்கம் பாதி நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் டைரக்டரின் குரல் காரிடார் முழுக்கக் கேட்டது. எக்ஸிபிஷன் வேலையிலிருந்து என்னை எடுத்து, கல் சிற்பப் பிரிவில் போட்டார். சிவப்பு மணற்கல்லிலிருந்து காகிதக்கூழ் வைத்து உப்பு எடுக்கிற வேலை. இரண்டு வருடம் செய்தேன். கெட்ட மனிதர் இல்லை அவர். ஒரு நல்ல எக்ஸிபிஷன் நடத்த ஆசைப்பட்டார், நான் அதற்குக் குறுக்கே நின்றேன். பின்னாளில் என் பிரமோஷன் பைலில் அவர் எழுதியது எனக்குச் சாதகமாகவே இருந்தது.

அங்கே போவதற்கு முன், மணிக்கட்டில் நீலம் தெரிந்த இடத்தை, பின்னால் எடுக்க வசதியாகத் தண்ணீரில் கரையும் கறுப்பு வண்ணத்தால் கண்ணுக்குத் தெரியாதபடி நிரப்பினேன். ரிப்போர்ட்டில் என் பெயர், இடம், அளவு, எந்த சால்வென்ட், எல்லாவற்றையும் எழுதினேன்.

6. ரிப்போர்ட்டின் கடைசி வரி

எக்ஸிபிஷனில் மதாம் மூன்றாவது அறையின் மூலையில் இருந்தார். 'கறுப்பு உடையணிந்த பெண், பிரான்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி' என்று சின்ன அட்டை. திறப்பு விழா அன்றைக்கு நான் விருந்தினர் பட்டியலில் இல்லை. இன்னொரு நாள் டிபன் பாக்ஸோடு போய் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜனங்கள் இரண்டு வினாடி பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த குதிரைப் படத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு வருத்தமாக இல்லை. அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் வருவது அந்தப் பெஞ்சும், குளிர்கால வெயில் தரையில் விழுந்து கிடந்த அந்த மூலையும்தான். அந்த அறையில் இருந்தவர்களில் அவளைத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்ற எண்ணம் அன்றைக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

எக்ஸிபிஷன் முடிந்ததும் படத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நானே போனேன். கூட வந்த ஆபீஸ் கார்ப்பென்டர் பழைய ஆணியிலேயே மாட்டினார். பிலோமினா அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்று, கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். கார்ப்பென்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போன பிறகு, பல நாள் யோசித்து வைத்திருந்தது போல ஒன்று கேட்டார்.

"கனகா, அந்தப் புள்ள பொறந்துதா? இவங்க கறுப்புப் போட்டது புள்ளைக்கா, புருஷனுக்கா?"

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. புத்தகங்களில் படித்ததை வைத்து ஒரு ஊகம் சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாகவும் இருந்திருக்கும்.

"தெரியாதும்மா. லேப்ல அதுக்கு டெஸ்ட் கிடையாது" என்றேன்.

"அப்ப தெரியாதுன்னே எழுதிடுங்க" என்றார்.

அதுவரை நான் எழுதிய எந்த ரிப்போர்ட்டிலும் அந்த வார்த்தை இருந்ததில்லை. சம்பளம் வாங்குகிற கெமிஸ்ட் தெரியாது என்று எழுதலாமா என்ற பயம். தெரியாத இடத்திலெல்லாம் 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதிவிடுவேன், அதைப் படித்து யாரும் மேலும் ஆய்வு செய்ததும் இல்லை. அன்றைக்கு ஆபீஸுக்குத் திரும்பி, ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து, 'கறுப்பு பூசப்பட்டதன் காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு சர்வீஸ் முடியும் வரை தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதினேன். ஆரம்பத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான், தெரியும் என்று நான் எழுதியதை மற்றவர்கள் இரண்டாம் முறை சரிபார்க்காமல் நம்பத் தொடங்கினார்கள்.